உங்கள் பின்கோடை உடைத்துப் பார்ப்பது எப்படி

உங்கள் வீட்டு முகவரியின் கடைசியில் இருக்கும் ஆறு இலக்கத்தை ஒரு ரஃப் நோட்டில் பெரிதாக எழுதுங்கள். எனக்கு 600081, தண்டையார்பேட்டை. இத்தனை வருடமாக அதைத் தபால்காரருக்கும் கூரியர் கொண்டு வருபவருக்கும் சொல்லித்தான் பழக்கம், அதை ஓர் எண்ணாகப் பார்த்ததே இல்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று தபால் துறை இந்த முறையைக் கொண்டுவந்தபோது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பதுதான் நோக்கம். முதல் 6 தமிழ்நாடும் கேரளமும் இருக்கும் மண்டலம், 600 என்றால் சென்னை, மீதி மூன்று இலக்கம் அஞ்சலகம். கணக்கை மனதில் வைத்து யாரும் அதைக் கொடுக்கவில்லை. ஆனாலும் அது ஆறு லட்சத்தைத் தாண்டிய ஒரு முழு எண், அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பென்சிலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று வடசென்னையின் எட்டு பின்கோடுகளை வைத்தே சொல்கிறேன்.

ஓர் எண்ணைப் பற்றி எதைக் கேட்டாலும், எத்தனை காரணிகள், அவற்றின் கூட்டல் என்ன, இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா, எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான்: அதைப் பகா எண்களாக உடைக்க வேண்டும். அது முடிந்தால் மற்றதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

2, 5 இரண்டையும் கடைசி இலக்கத்தைப் பார்த்தே தள்ளிவிடலாம். 3, 9 இரண்டுக்கும் இலக்கங்களைக் கூட்ட வேண்டும், இது பள்ளியிலேயே படித்தது. அதற்கடுத்து வரும் சோதனையைப் பலர் மறந்திருப்பார்கள், எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். 7 × 11 × 13 = 1001. 1000 என்பது அதற்கு ஒன்று குறைவு. அதனால் ஆறு இலக்க எண்ணை நடுவில் வெட்டி, ஒரு பாதியிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும், வரும் சின்ன எண்ணில் 7, 11, 13 எது போகிறதோ அது பெரிய எண்ணிலும் போகும். திருவொற்றியூர் 600019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 600 − 19 = 581, அது 7 × 83. ஆக 7 போகும், மற்ற இரண்டும் போகாது. வியாசர்பாடி 600039: 600 − 39 = 561 = 11 × 51, ஆக 11 போகும். கழிப்பதற்குப் பதில் கூட்டினால் இன்னொரு சோதனை கிடைக்கும், ஏனென்றால் 999 = 27 × 37. வண்ணாரப்பேட்டை 600021-க்கு 600 + 21 = 621, அது 27 × 23, ஆகவே ஒரே அடியில் மூன்று 3-கள் வெளியே வந்துவிடுகின்றன.

இதற்கு மேல் வெறும் வகுத்தல்தான், ஆனால் இங்கே நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. சென்னைப் பின்கோடுகள் எல்லாமே 600000-உடன் ஒரு சின்ன எண்ணைக் கூட்டியது. அதனால் ஒவ்வொரு பகா எண்ணாலும் 600000-ஐ ஒரே ஒரு தடவை வகுத்து மீதியைக் குறித்து வைத்துக்கொண்டால், அந்த ஒரே பட்டியல் நகரம் முழுக்கப் பயன்படும். 17-க்கு மீதி 2, 19-க்கு 18, 23-க்கு 22, 29-க்கு 19, 31-க்கு 26, 37-க்கு 8, 41-க்கு 6, 43-க்கு 21, 47-க்கு 45, 53-க்கு 40, 59-க்கு 29, 61-க்கு 4, 67-க்கு 15, 71-க்கு 50. இந்த மீதியுடன் உங்கள் பின்கோடின் கடைசி மூன்று இலக்கத்தைக் கூட்டுங்கள். வருவது அந்தப் பகா எண்ணோ அதன் மடங்கோ ஆனால் அது காரணி. ராயபுரம் 600013: 53-க்கு வரும்போது 40 + 13 = 53, பிடித்துவிட்டோம், 600013 = 53 × 11321. பாரிமுனைப் பக்கம் இருக்கும் தலைமை அஞ்சலகத்தின் 600001 இன்னும் அழகு: 19-க்கு 18 + 1, 23-க்கு 22 + 1, அடுத்தடுத்து இரண்டு காரணிகள். 600001 = 19 × 23 × 1373. இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நகராமல் நிற்கும் நேரத்தில் நாலைந்து ஏரியாவை முடித்துவிடலாம், நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்தேன்.

எதுவரை வகுத்துக்கொண்டே போவது? எண்ணின் வர்க்கமூலம் வரை. ஓர் எண் இரண்டாக உடைந்தால் இரண்டு துண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது, ஒன்றாவது அதற்குள் அடங்கும். ஆறு லட்சத்துக்கு அது சுமார் 774, அதற்குள் 137 பகா எண்கள் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, ஏனென்றால் ஒரு காரணியை எடுத்தவுடன் மிச்ச எண் சுருங்கும், எல்லையும் சேர்ந்து சுருங்கும்.

எண்ணூரை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். 600057-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆக 9 போகும். 9-ஆல் வகுத்தால் 66673. இன்னும் ஒரு 3 ஒளிந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும், 6 + 6 + 6 + 7 + 3 = 28, இல்லை. இப்போது எல்லை 774 இல்லை, 66673-இன் வர்க்கமூலம், சுமார் 258. 600 − 57 = 543, அதில் 7, 11, 13 எதுவும் போகாது. பட்டியலோடு 57-ஐக் கூட்டிக்கொண்டே வாருங்கள், 61-இல் 4 + 57 = 61. வகுத்தால் 1093. இதன் வர்க்கமூலம் 33 சொச்சம்தான், 33-க்குள் இருக்கும் பகா எண்களை முதலிலேயே தாண்டி வந்துவிட்டோம், அதனால் 1093 பகா எண் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

600057 = 3 × 3 × 61 × 1093

மாணவர்கள் இங்கே இரண்டு தப்புதான் செய்வார்கள். ஒரு காரணி கிடைத்ததும் அதே காரணியை மறுபடி முயலாமல் அடுத்ததற்குப் போய்விடுவது, வண்ணாரப்பேட்டையில் மூன்றாவது 3 விட்டுப்போவது இப்படித்தான். இன்னொன்று, எல்லையைச் சுருக்க மறந்துவிட்டு 774 வரை வீணாகப் போய்க்கொண்டே இருப்பது. வண்ணாரப்பேட்டைக்கு விடை 3 × 3 × 3 × 71 × 313, நீங்களே போட்டுப் பாருங்கள். திருவொற்றியூர் 7 × 85717, அந்தப் பெரிய துண்டு பகா எண்தான்.

பெருக்கல் சரிதானா என்று பார்க்க எப்போதும் ஒன்பதை ஒழித்துச் சரிபாருங்கள். 53-இன் இலக்கக் கூட்டல் 8, 11321-க்கும் 8, பெருக்கினால் 64, அது 10, அது 1. 600013-க்கும் 10, அது 1. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தப்பு இருப்பது உறுதி.

சரி, என் தண்டையார்பேட்டைக்கு வருவோம், அங்கேதான் இந்த வழி என்னை ரொம்ப அலைய வைத்தது. 600081-இல் ஒரு 3 போகும், மிச்சம் 200027. எல்லை 447. 7 போகாது, 11 போகாது, 53 போகாது, 101 போகாது, இரண்டு பக்கம் நிரம்பியும் எதுவும் விழவில்லை. இது பகா எண்தான் போலிருக்கிறது என்று நினைத்தபோதுதான் வேறு வழி ஒன்று ஞாபகம் வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன வழி, அவர் தொழிலால் வழக்கறிஞர், கணக்கு அவருக்கு ஓய்வு நேர ஆசை.

யோசனை இதுதான். இரண்டு ஒற்றை எண்களைப் பெருக்கினால் வருவது, அவற்றின் நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து அவற்றின் வித்தியாசத்தில் பாதியின் வர்க்கத்தைக் கழித்ததற்குச் சமம். 7 × 13 = 91 என்றால் நடு எண் 10, பாதி வித்தியாசம் 3, 100 − 9 = 91. இதைத் திருப்பிப் போட வேண்டும். 600081-க்கு மேலே உள்ள முதல் வர்க்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலிருந்தும் 600081-ஐக் கழித்து, மிச்சம் ஒரு முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். 775-இன் வர்க்கம் 600625, கழித்தால் 544. 23-இன் வர்க்கம் 529, 24-இன் வர்க்கம் 576, ஆக இது இல்லை. அடுத்ததற்கு மறுபடி பெருக்க வேண்டியதே இல்லை, 775 + 776 = 1551-ஐக் கூட்டினால் போதும், 2095. பிறகு 1553-ஐக் கூட்டினால் 3648, பிறகு 1555, 1557 என்று இரண்டிரண்டாக ஏறிக்கொண்டே போகும்.

ஒவ்வொன்றும் வர்க்கமா என்று பார்ப்பது சிரமமில்லை, கடைசி இரண்டு இலக்கமே பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடும். முழு வர்க்கம் 2, 3, 7, 8-இல் முடியாது. 5-இல் முடிந்தால் 25 என்றுதான் முடியும், 0-வில் முடிந்தால் 00 என்றுதான். 9-இல் முடிந்தால் அதற்கு முந்தைய இலக்கம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அதனால் 8319 போன்றவை அவுட். இந்தக் கணக்கில் 544-ஐ விட்டால் நடுவில் 16144 ஒன்றுதான் நின்று யோசிக்க வைத்தது, அதுவும் வர்க்கம் இல்லை. பதினேழாவது வரியில் 791 வந்தது. அதன் வர்க்கம் 625681, கழித்தால் 25600, அது 160-இன் வர்க்கம்.

791 − 160 = 631, 791 + 160 = 951. ஆக 600081 = 631 × 951, 951 என்பது 3 × 317.

600081 = 3 × 317 × 631

317 என்பது 66-ஆவது பகா எண். ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போயிருந்தால் அதுவரை போயிருக்க வேண்டும், இங்கே பதினேழு வரியில் முடிந்தது. ஆனால் இந்த வழி எல்லா எண்ணுக்கும் உதவாது, இரண்டு துண்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் வேகமாகக் கிடைக்கும். திருவொற்றியூரை இப்படி உடைக்கப் போனால் நடு எண் 42862, அதுவரை எண்ணிக்கொண்டு யாரும் உட்கார முடியாது. அதனால் முதலில் நூறு வரை பட்டியலால் வகுத்துப் பாருங்கள், எதுவும் விழவில்லை என்றால் இருபது முப்பது வரி ஃபெர்மா வழி போட்டுப் பாருங்கள், அதுவும் இல்லை என்றால் மறுபடி பட்டியல்.

பெரம்பூர் 600011-க்கு எந்தக் குறுக்கு வழியும் கிடையாது, ஏனென்றால் அது பகா எண். 137 பகா எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒன்றும் போகவில்லை என்று பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். 600001, 600003, 600007, 600009 நான்குமே உடைந்துவிடுகின்றன (600007 = 83 × 7229), ஆகவே ஆறு லட்சத்தைத் தாண்டியதும் வரும் முதல் பகா எண்ணே பெரம்பூர்தான். எங்கள் மொட்டை மாடியில் கணக்கு படிக்க வரும் பிள்ளைகள் இரண்டு பேர் இதைத் தனித்தனியாகப் போட்டு, முடிவில் ஒவ்வொரு மீதியையும் ஒப்பிட்டார்கள். நீங்களும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பகா எண் என்று நிரூபிக்கும்போது நடுவில் ஒரே ஒரு வகுத்தல் தப்பினாலும் முழுப் பட்டியலும் வீண்.

இனி உடைத்த துண்டுகளை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். மொத்தக் காரணிகள் எத்தனை என்பது சுலபம், ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை தடவை வருகிறதோ அதனுடன் ஒன்றைக் கூட்டி எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். எண்ணூருக்கு 3 × 2 × 2 = 12. பெரம்பூருக்கு 2.

அடுத்தது, 1-இலிருந்து 600057 வரை அதனுடன் சார்பகா எண்களாக இருப்பவை, அதாவது 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணியே இல்லாதவை, எத்தனை? ஆய்லர் காட்டிய வழி இது: ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதிலிருந்து ஒன்றைக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள், அதே எண் மறுபடி வந்தால் இரண்டாவது தடவையிலிருந்து குறைக்காமல் அப்படியே எடுங்கள், பிறகு எல்லாவற்றையும் பெருக்குங்கள். எண்ணூர்: 2 × 3 × 60 × 1092 = 393120. வண்ணாரப்பேட்டை: 2 × 3 × 3 × 70 × 312 = 393120. ஆமாம், இரண்டும் ஒன்றே. 61-உம் 1093-உம் ஒரு பக்கம், 71-உம் 313-உம் மறுபக்கம், துண்டுகளில் 3-ஐத் தவிர எதுவும் பொதுவாக இல்லை, ஆனால் விடை ஒரு இலக்கம்கூட மாறவில்லை. இதை முதலில் பார்த்த அன்று இரவு எனக்குச் சீக்கிரம் தூக்கம் வரவில்லை.

வர்க்கங்கள் விஷயமும் துண்டுகளிலேயே இருக்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகாக் காரணிகள் இரட்டைப்படை தடவை வந்தால் மட்டுமே ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும். எண்ணூரில் 3 இரண்டு தடவை வருகிறது, 61-உம் 1093-உம் மீதி 1 தருபவை, ஆகவே முடியும். 61 என்பது 5, 6 இரண்டின் வர்க்கங்களின் கூட்டல், 1093 என்பது 33, 2 இரண்டின் வர்க்கங்களின் கூட்டல். இப்படிப்பட்ட இரண்டு எண்களின் பெருக்கலையும் அதே வடிவில் எழுதும் வழியை 7-ஆம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தர் சொல்லியிருக்கிறார். 5 × 33 + 6 × 2 = 177, 6 × 33 − 5 × 2 = 188. வெளியே நிற்கும் 9-க்காக இரண்டையும் 3-ஆல் பெருக்கினால் 531, 564.

531 × 531 + 564 × 564 = 600057

நடுவில் கூட்டல் இருந்த இடத்தில் கழித்தலும் கழித்தல் இருந்த இடத்தில் கூட்டலும் போட்டால் இன்னொரு ஜோடி வரும், 459-உம் 624-உம். ராயபுரத்துக்கு 723-உம் 278-உம். வண்ணாரப்பேட்டையில் 3 மூன்று தடவை வருவதால் முடியாது, பெரம்பூரோ 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண், அதற்கும் முடியாது.

எண்ணூருக்குள் இருக்கும் 1093-ஐ லேசாக விட்டுவிடாதீர்கள், அது சாதாரண எண் இல்லை. 1 + 3 + 9 + 27 + 81 + 243 + 729 = 1093, அதாவது 3-இன் அடுக்குகளை வரிசையாகக் கூட்டினாலே அது வரும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எந்த ஒற்றைப் பகா எண்ணை எடுத்தாலும், அதற்கு ஒன்று குறைவான தடவை 2-ஐப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வருவதில் அந்தப் பகா எண் போகும். ஆனால் அதன் வர்க்கமும் போவது மிக அபூர்வம். 1909-இல் வீஃபரிச் இப்படிப்பட்ட எண்களைப் பற்றி எழுதினார், 1913-இல் மைஸ்னர் 1093 அப்படிப்பட்டது என்று கண்டார், 1922-இல் பீகர் 3511-ஐக் கண்டார். அதற்குப் பிறகு கணினிகள் எவ்வளவோ தூரம் தேடியும் மூன்றாவது ஒன்று கிடைக்கவில்லை. உலகத்துக்குத் தெரிந்த அந்த இரண்டில் ஒன்று எண்ணூர்க்காரர்களின் முகவரியிலேயே இருக்கிறது.

இந்த எட்டு ஊருக்கும் வெவ்வேறான பகாக் காரணிகள் எத்தனை என்று எண்ணினேன்: பாரிமுனை 3, பெரம்பூர் 1, ராயபுரம் 2, திருவொற்றியூர் 2, வண்ணாரப்பேட்டை 3, வியாசர்பாடி 4, எண்ணூர் 3, தண்டையார்பேட்டை 3. மொத்தம் 21, சராசரி 2.6. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் ஒரு தேற்றம் கொடுத்தார்கள். ஒரு பெரிய எண்ணுக்குச் சாதாரணமாக இத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்று சொல்லும் தேற்றம் அது, எண்ணின் இயல் மடக்கையை எடுத்து அதற்கு மறுபடி இயல் மடக்கை எடுக்க வேண்டும். ஆறு லட்சத்துக்கு அது 2.59. எட்டே எண்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, பெரிய எண்களுக்கான தேற்றம் அது, இருந்தாலும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது மனது நிறைந்தது. அந்த ராமானுஜன் 1912-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இதே சென்னைத் துறைமுகத்தில்தான், மாதம் முப்பது ரூபாய் சம்பளம். ராயபுரத்தில் அவர் பெயரில், கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் முன்னின்று அமைத்த அருங்காட்சியகமும் இருக்கிறது.

வியாசர்பாடியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 600039-இல் 9 போனால் 66671, 11 போனால் 6061, மறுபடி 11 போனால் 551, அது 19 × 29.

600039 = 3 × 3 × 11 × 11 × 19 × 29

காரணிகள் 3 × 3 × 2 × 2 = 36, எட்டு ஊரிலும் இதுதான் அதிகம். அந்த 36-ஐயும் கூட்டினால் என்ன வரும்? ஒவ்வொன்றாக எழுத வேண்டாம், ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1-இலிருந்து அதன் அடுக்குகளைக் கூட்டிப் பெருக்கினால் போதும். 3-க்கு 1 + 3 + 9 = 13. 11-க்கு 1 + 11 + 121 = 133. 19-க்கு 20, 29-க்கு 30. பின் இரண்டையும் பெருக்கினால் 600, நம் சென்னையின் 600. முன் இரண்டையும் பெருக்குங்கள், 13 × 133. 1729 வரும். ஹார்டி டாக்ஸியில் வந்து இறங்கிச் சொன்ன, ராமானுஜன் படுக்கையில் இருந்தபடியே இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் என்று சொன்ன அதே 1729.